முந்நூறு குதிரைகளும் ஒரு பழைய பிக்கப்பும்

100 குதிரைசக்தி எஞ்சினைக் கழற்றிவிட்டு 300 குதிரைசக்தி எஞ்சினை இறக்கிவைக்க ஒரு செயின் பிளாக், இரண்டு நண்பர்கள், ஒரு சனி ஞாயிறு போதும். அந்த எஞ்சினைத் தாங்கும் அளவுக்கு மிச்ச வண்டியைத் தேற்றுவதில்தான் வருஷங்கள் ஓடுகின்றன. அமெரிக்கப் புறநகர்களில் வீட்டுக் கராஜுக்குள் பழைய பிக்கப் வண்டியை ஹாட் ராடாக, அதாவது வேகத்துக்காகத் திருத்திய வண்டியாக, மாற்றத் தொடங்கி, பாதியில் தார்ப்பாய் போர்த்திவைத்தவர்கள் நிறைய. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் எஞ்சின் பளபளவென்று இருக்கும். பிரேக் குழாய் பாதி வழியில் நிற்கும்.

வேகமாகப் போவது சுலபம். அந்த வேகத்தை நேராகக் கொண்டுபோய், சொன்ன இடத்தில் நிறுத்துவதுதான் பெரிய வேலை. ஒரு பாகத்தை வலுவாக்கினால் அதுவரை தாக்குப்பிடித்த பக்கத்துப் பாகம் பலவீனமாகிவிடும். எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்கு, அங்கிருந்து ஷாஃப்ட்டுக்கு, ஆக்ஸிலுக்கு, சேஸிஸுக்கு, கடைசியில் பிரேக்குக்கு என்று அந்தப் பலவீனத்தைத் துரத்திக்கொண்டே போவதுதான் இந்தக் கலை. இதில் பள்ளிக்கூட இயற்பியல் முழுவதும் வந்துவிடுகிறது.

இந்தப் பித்து பிறந்த இடம் தெற்கு கலிபோர்னியா. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தில் மியூராக், எல் மிராஜ் என்று வறண்ட ஏரிப் படுகைகள் இருக்கின்றன. மைல் கணக்கில் சமதரை. குறுக்கே மரம் கிடையாது, போலீஸ் கிடையாது. 1932இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பில் வார்த்து, சாமானியர்கள் வாங்கும் விலையில் வி8 எஞ்சினைக் கொண்டுவந்தது. 221 கன அங்குலம், அதாவது 3.6 லிட்டர், 65 குதிரைசக்தி. சில வருடங்களில் இந்த எஞ்சின்கள் காயலான் கடைக்கு வரத் தொடங்கின. பையன்கள் அவற்றை வாங்கி, பழைய ஃபோர்டு கார்களில் மாட்டி, மட்கார்டையும் விண்ட்ஷீல்டையும் கழற்றி எறிந்துவிட்டு ஏரிப் படுகையில் ஓட்டிப் பார்த்தார்கள். 1937இல் அவர்களுடைய மன்றங்கள் கூடி 'தெற்கு கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன்' என்ற அமைப்பை உருவாக்கின. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய இளைஞர்களிடம் விமானப் பட்டறையில் கற்ற தொழில் இருந்தது. சந்தையில் ராணுவத்தின் உபரிச் சாமான்கள் குவிந்து கிடந்தன. 1946இல் பில் பர்க் என்பவர் போர் விமானத்தின் வயிற்றில் தொங்கும் எரிபொருள் தொட்டியையே உடலாக வைத்து ஒரு வண்டி செய்தார். காற்றைக் கிழிக்க அதைவிட நல்ல வடிவம் அப்போது காசுக்குக் கிடைத்திருக்காது.

1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் 'ஹாட் ராட்' இதழின் முதல் பிரதியை வெளியிட்டார். அதே மாதம்தான் ஃபோர்டு தன் எஃப் வரிசையின் முதல் பிக்கப்பான எஃப்-1ஐ அறிமுகம் செய்தது. அன்று இரண்டுக்கும் சம்பந்தமில்லை. பந்தயத்துக்கு எடை குறைந்த திறந்த கார்தான் வேண்டும். ஸ்டார்ட் ஆகாத பந்தய வண்டியைப் பின்னாலிருந்து தள்ளவும், ஸ்பேர் ஏற்றிவரவும்தான் பிக்கப். மலிவான பழைய கார்கள் தீர்ந்து, விலை ஏறிய பிறகே பிக்கப்புகளின் பக்கம் கண் திரும்பியது.

அதற்கு எஃப்-1 பொருத்தமான வண்டியாக அமைந்தது. முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே 114 அங்குலம், ஏறக்குறைய 2.9 மீட்டர். ஆறு சிலிண்டர் எஞ்சின் என்றால் 95 குதிரைசக்தி, வி8 என்றால் 100. ஏணி வடிவச் சேஸிஸ்மேல் கேபினும் பின்பெட்டியும் தனித்தனியாக போல்ட்டில் நிற்கின்றன. கதவு இரண்டு, இருக்கை ஒன்று. இன்றைய காரைப் போல உடலே சேஸிஸாக இல்லாததால், வீட்டில் இருந்தபடியே வண்டியை அக்கக்காகப் பிரித்துவிடலாம். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு போல்ட்டையும் எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதிப் பைகளில் போட்டுவைக்காதவர் பின்னால் அழுவார்.

பிரித்ததும் முதலில் தெரிவது துரு. துருப்பிடித்த இரும்பு, தான் முன்பு இருந்ததைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் இரண்டு தகடுகள் ஒட்டும் இடத்தில் ஈரம் புகுந்தால், தகடுகளையே பிளந்துகொண்டு துரு வெளியே வருகிறது. எஃப்-1இல் கேபினின் பின்கீழ் மூலைகளும் கால்வைக்கும் தரையும் இதில் பேர்போனவை. சின்ன பாகங்களுக்கு ஒரு சிக்கன வைத்தியம் உண்டு. பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த நீர். துருப்பிடித்த பாகத்தை உள்ளே தொங்கவிட்டு பாட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதில் கொடுக்க வேண்டும். நேர்முனையை ஒரு வேண்டாத இரும்புத் துண்டில். சற்று நேரத்தில் பாகத்தைச் சுற்றி மெல்லிய குமிழ்கள் கிளம்பும். ராத்திரி முழுக்க விட்டால் செந்துரு கறுப்பாகி, பிரஷ்ஷால் தேய்த்ததும் சேறு போலக் கழன்றுவிடும். நல்ல இரும்பு அப்படியே நிற்கும். அந்தக் குமிழ்கள் ஹைட்ரஜன். கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டு செய்கிற வேலையல்ல. வேண்டாத இரும்புக்குப் பதில் எவர்சில்வர் ஸ்பூனைப் போட்டால் அதிலுள்ள குரோமியம் கரைந்து நீரே நஞ்சாகும். பட்டை ஸ்பிரிங், உயர் ரக போல்ட் போன்ற கடினமாக்கப்பட்ட எஃகுகளை இந்தத் தொட்டியில் போடவே கூடாது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, ஒருநாள் பட்டென்று ஒடித்துவிடும்.

அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும், பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பதும், டிரம்மைத் திறந்து காற்றடித்துச் சுத்தம் செய்வதும் நுரையீரலுக்குக் கேடு. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு, அது உலர்வதற்கு முன் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் வாயு உருவாகும். முதல் உலகப் போரில் படைகள் ஒன்றன்மேல் ஒன்று வீசிக்கொண்ட அதே விஷவாயு.

இனி எஞ்சின். ஃபோர்டின் பழைய வி8இல் வால்வுகள் சிலிண்டர் தலையில் இல்லை; பிளாக்கில் பக்கவாட்டில் இருக்கின்றன. எரிந்த புகை வெளியேற, பிளாக்கின் உள்ளே குளிர்நீர் ஓடும் அறைகளுக்கு ஊடாகவே வழி வைத்தார்கள். ரேடியேட்டர் குளிரவைத்த நீரை, வெளியே போகிற புகை போகிற போக்கில் சூடாக்கிவிட்டுப் போகும். பெட்ரோலிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளிர்நீருக்குப் போவது எந்த எஞ்சினிலும் வழக்கம். இதில் அந்தச் சுமை இன்னும் கூடுதல். இந்த எஞ்சின் போடும் சத்தத்துக்கு அடிமையானவர்கள் இன்றும் உண்டு. ஆனால் நெரிசலில் ஓட்டப் போகிறவருக்கு அது வெறும் தலைவலி.

1955இல் ஷெவர்லே 265 கன அங்குல வி8ஐ வெளியிட்டது. பட்டறைக்காரர்கள் 'ஸ்மால் பிளாக்' என்று சொல்வது இதன் குடும்பத்தைத்தான். 1967இல் வந்த அதன் 350 கன அங்குல வடிவம்தான் வீட்டு ஹாட் ராட்காரர்களின் செல்லப்பிள்ளை. பெயரில் உள்ள எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிலிண்டரின் குறுக்களவு 4 அங்குலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 3.48 அங்குலம், இப்படி எட்டு. பெருக்கினால் 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர். இதன் உறவுக்கார எஞ்சின்கள் கோடிக்கணக்கில் உற்பத்தியானதால் பிஸ்டன் ரிங்கிலிருந்து வாட்டர் பம்ப் வரை எதுவும் எங்கும் கிடைக்கும். ஃபோர்டு வண்டியில் ஷெவர்லே எஞ்சினா என்று முகம் சுளிக்கும் பழமைவாதிகள் இருக்கிறார்கள். அவர்கள் சுளிப்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது: இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம், கேபின் சுவரை ஒட்டி வரும். ஒன்று எஞ்சினை முன்னே தள்ள வேண்டும், அல்லது கேபின் சுவரை வெட்டிக் குழி அமைக்க வேண்டும். முன்னே தள்ளினால் ரேடியேட்டர் ஃபேன் இடிக்கும். எஞ்சினை மாட்டிய ஞாயிற்றுக்கிழமைச் சந்தோஷம் திங்கட்கிழமை இப்படித்தான் முடியும்.

இந்தப் புது எஞ்சினின் முறுக்குவிசை பழைய வி8இன் ஏறக்குறைய இருமடங்கு. முதல் கியரிலும் பின் ஆக்ஸிலின் கிரவுன் பினியனிலும் அது பத்து மடங்குவரை பெருகிச் சக்கரத்துக்குப் போகிறது. அதைத் தாங்க முடியாமல் பழைய ஆக்ஸில் பற்களை உதிர்க்கும். 1957இல் ஃபோர்டு கொண்டுவந்த, 9 அங்குல கிரவுன் வீல் கொண்ட ஆக்ஸிலைத் தேடி ஆட்கள் இன்றும் காயலான் கடைகளில் அலைவது இதனால்தான். பல் அமைப்பு முழுவதையும் முன்பக்கமாகவே ஒரே துண்டாகக் கழற்றிவிடலாம் என்பதால், வீட்டில் வேலை செய்பவருக்கு வரப்பிரசாதம்.

பல்விகிதத்தையும் இங்கேயே தீர்மானிக்க வேண்டும். 28 அங்குல விட்டமுள்ள டயர், 100 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 746 முறை சுழலும். பின் ஆக்ஸிலின் விகிதம் 4 என்றால், நேர் கியரில் எஞ்சின் 3,000 சுற்றுகளில் ஓட வேண்டும். சரக்கு ஏற்றிக்கொண்டு வயல்வெளிக்குப் போகும் வண்டிக்கு அது சரி. நெடுஞ்சாலையில் காது செவிடாகும். விகிதத்தை 3.25 ஆக்கினால் 2,425. அதனுடன் 0.70 ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸ் சேர்ந்தால் 1,700க்கு இறங்கிவிடும். அதே வேகம்தான், ஆனால் எஞ்சின் முனகுவதோடு சரி.

இவை எல்லாவற்றையும் இணைக்கும் ஷாஃப்ட்டில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். கியர்பாக்ஸ் ஒரு உயரத்தில், ஆக்ஸில் இன்னொரு உயரத்தில். அதனால் இரு முனையிலும் கிராஸ் பொருத்திய யுனிவர்சல் ஜாயின்ட் வேண்டும். 17ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் ஆராய்ந்த இந்த ஜாயின்ட்டுக்கு ஒரு விநோதக் குணம் உண்டு. உள்ளே வரும் சுழற்சி ஒரே சீராக இருந்தாலும் கோணத்தில் வெளியேறும் சுழற்சி சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடி, இரண்டு தடவை குறையும். கோணம் 3 பாகை என்றால் ஏற்ற இறக்கம் 0.14 சதவீதம்தான், 10 பாகை என்றால் 1.5 சதவீதம். ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,000 முறை சுழன்றால், வினாடிக்கு 67 உதறல்கள். ஸ்டியரிங் நடுங்கும், ஸ்பீக்கர் ஹம்மென்று இரையும், காரணம் தேடி டயரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

மருந்து, இரண்டாவது ஜாயின்ட்டில் இருக்கிறது. முன்னால் உண்டான தள்ளாட்டத்தைப் பின்னால் உள்ள ஜாயின்ட் அதே அளவு எதிராகத் தள்ளாடிச் சரிசெய்ய வேண்டும். அதற்குக் கியர்பாக்ஸின் கடைசி ஷாஃப்ட்டும் ஆக்ஸிலின் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அழகுக்காக வண்டியின் பின்பக்கத்தைத் தாழ்த்தும்போது இந்த இணை குலைகிறது. பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தகடு செருகிப் பினியனை மேலோ கீழோ சாய்ப்பார்கள். வண்டி முழு எடையோடு சக்கரத்தில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது அளந்த கோணம் பொய். இன்னொரு நுட்பம்: கோணத்தைச் சுத்தமாகப் பூஜ்யமாக்கினாலும் கேடு. கிராஸுக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் கொஞ்சமாவது உருண்டால்தான் ஒரே இடத்தில் தேயாமல் தப்பிக்கும்.

சேஸிஸுக்கு வருவோம். எஃப்-1இன் நீளச் சட்டங்கள் 'ப' வடிவத் திறந்த எஃகு. மேடு பள்ளத்தில் அவை முறுக்கிக்கொண்டு வளைவதைத் தொழிற்சாலை தெரிந்தேதான் அனுமதித்தது. அந்த முறுக்கல் கேபினைக் கிழிக்கக் கூடாது என்று கேபினை ரப்பர் தாங்கிகளில் மிதக்கவிட்டது. 300 குதிரைசக்தி வந்த பிறகு அந்தத் தாராளம் கட்டுப்படியாகாது. திறந்திருக்கும் பக்கத்தில் தகடு வைத்துப் பெட்டியாக மூடிவிட வேண்டும். 15 சென்டிமீட்டர் உயரம், 6 சென்டிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் தடிமன் உள்ள சட்டம் என்று வைத்துக்கொண்டு பொறியியல் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், மூடிய பெட்டி திறந்த சட்டத்தைவிட முறுக்கலை 500 மடங்குக்கு மேல் எதிர்க்கிறது. சேர்த்த இரும்போ ஏற்கெனவே இருந்ததில் பாதிக்குச் சற்று மேல்தான். சேஸிஸில் நிஜமாகக் கிடைக்கும் லாபம் இதைவிடக் குறைவாக இருக்கும். குறுக்குச் சட்டங்களும் ரிவெட்டுகளும் ஏற்கெனவே கொஞ்சம் முறுக்கலைத் தடுத்திருக்கும். ஆனாலும் ஓட்டுகிறவருக்குக் கையில் தெரியும் வித்தியாசம் அது.

வெல்டிங்தான் இதில் ஆபத்து. சூடான எஃகு விரியப் பார்க்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த எஃகு விடுவதில்லை. மென்மையான நிலையில் நசுங்கி, ஆறும்போது முன்பைவிடக் குட்டையாகிச் சட்டத்தை இழுத்து வளைத்துவிடுகிறது. ஒரே மூச்சில் ஒரு மீட்டர் ஓட்டினால் சேஸிஸ் வாழைப்பழம். அனுபவசாலிகள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பற்றவைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போவார்கள், பிறகு வேறு மூலைக்கு. தொட்டால் கை பொறுக்கிற சூடு வரும்வரை திரும்பி வர மாட்டார்கள். வேலைக்கு முன்பும் பின்பும் கொத்தனாரின் தூக்குக்குண்டு உதவும். சட்டத்தின் குறிப்பிட்ட துளைகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, எதிரெதிர் மூலைகளுக்கு டேப் பிடிக்க வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே அளவு என்றால் சேஸிஸ் சதுரம் தப்பவில்லை.

பிரேக் இந்த வேலையின் பெரிய கணக்கு. 1,500 கிலோ வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 5.8 லட்சம் ஜூல். அறைவெப்பத்தில் இருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய அவ்வளவுதான் தேவை. பிரேக்கை மிதித்து நிற்கும் சில வினாடிகளில் அத்தனை சூடும் நான்கு இரும்புத் துண்டுகளுக்குள் இறங்குகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் அதில் கால்பங்குதான். வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்கு. எஃப்-1இன் டிரம் பிரேக் சூடேறினால் டிரம் விரிந்து லைனிங்கைவிட்டு விலகிப் போகும். பெடல் தாழ்ந்துகொண்டே வரும். டிஸ்க் காற்றில் திறந்து நிற்பதால் சீக்கிரம் ஆறும்.

ஆகவே முன்னால் டிஸ்க் வைக்கிறார்கள். 1974இல் வந்த மஸ்டாங் 2 காரின் முன் சஸ்பென்ஷன் அமைப்பைத் தழுவிய கிட்கள் பரவலாகக் கிடைக்கின்றன. பழைய ஒற்றை ஆக்ஸில் போய், சக்கரங்கள் தனித்தனியாக ஆடும், ரேக் பினியன் ஸ்டியரிங்கும் கூடவே வரும். இப்போது புதுப் பிரச்சினை. எஃப்-1இல் மாஸ்டர் சிலிண்டர் கேபின் தரைக்கு அடியில் இருக்கிறது. டிஸ்க்கின் காலிப்பர் அதைவிட உயரத்தில். வண்டி சும்மா நிற்கும்போது பிரேக் ஆயில் மெல்ல மெல்லப் பின்வாங்கி மாஸ்டர் சிலிண்டருக்கே இறங்கிவிடும். மறுநாள் காலை முதல் மிதியில் பெடல் தரைவரை போகும். இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும். அந்த முதல் மிதி சிவப்பு விளக்கின் முன்னால் நடந்தால் கதை முடிந்தது. கையளவுகூட இல்லாத ஒரு வால்வு இதைத் தடுக்கிறது. டிஸ்க் வழியில் 2 பிஎஸ்ஐ, டிரம் வழியில் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்துவைத்து ஆயிலைத் திரும்பவிடாது.

காலிப் பிக்கப்பின் பின்பக்கம் எடையற்றது என்பது இன்னொரு தொல்லை. பலமாகப் பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்கிறது. புவிஈர்ப்பின் 0.7 பங்கு வேகத்தணிப்பு, எடைமையம் 60 சென்டிமீட்டர் உயரத்தில் என்று கொண்டால், 217 கிலோ பின் சக்கரங்களைவிட்டு முன் சக்கரங்களுக்கு மாறிவிடும். பின்னால் 600 கிலோ இருந்த வண்டியில் 400க்கும் குறைவாகவே மிஞ்சும். பின் சக்கரங்கள் சட்டென்று பூட்டிக்கொண்டால் வண்டியின் வால் முன்னே வரும். பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் வால்வை இதற்காகவே வைக்கிறார்கள். ஆள் நடமாட்டமில்லாத ஈரத் தரையில் மெதுவான வேகத்தில் சோதித்துச் சோதித்துத் திருப்ப வேண்டிய திருகு அது.

மின்சாரம் சுருக்கமாக முடியும். 6 வோல்ட்டை 12 ஆக்கினால் அதே வேலைக்குப் பாதி மின்னோட்டம் போதும். ஒயரில் வீணாகும் சூடு நான்கில் ஒன்றாகிறது. பழைய ஃபோர்டில் பாட்டரியின் நேர்முனை பாடியோடு இணைந்திருக்கும் என்பதை மறந்து புது ஆல்டர்னேட்டரை மாட்டினால் அது புகைந்துவிடும். கூரையை வெட்டித் தாழ்த்தும் ஆசையைப் பற்றி ஒரு வார்த்தை: விண்ட்ஷீல்டு தூண் 20 பாகை பின்சாய்ந்திருந்தால், 7.5 சென்டிமீட்டர் வெட்டி இறக்கிய கூரை தன் தூணைவிட்டு 2.7 சென்டிமீட்டர் பின்னால் போய் நிற்கும். முதல் வண்டியில் கூரையை விட்டுவைப்பதே புத்திசாலித்தனம்.

அமெரிக்காவில் இதற்கெல்லாம் சட்டம் ஓரளவு இடம் தருகிறது. புகைக் கட்டுப்பாட்டில் கறாரான கலிபோர்னியாவிலேயே 1975ஆம் ஆண்டு மாடலுக்கும் அதற்கு முந்தைய பெட்ரோல் வண்டிகளுக்கும் புகைப் பரிசோதனை கிடையாது. இந்தியாவில் நிலைமை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2021இல் வந்த விதிகளின்படி 50 வருடத்தைத் தாண்டிய வண்டியை 'விஏ' எழுத்துடன் விண்டேஜ் வண்டியாகப் பதிவுசெய்யலாம். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவிலேயே வைத்திருந்தால்தான் அந்தச் சலுகை. எனவே நம் ஊரில் பழைய பிக்கப் ஒன்று கண்ணில் பட்டால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.